சகரியா 9:9, சங்கீதம் 22:18: வரி இரண்டாக வந்தால் நிறைவேறுதலும் இரண்டா?

நெய்தல்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். குருத்தோலை ஞாயிறுக்காக, இயேசு கழுதையில் ஏறி எருசலேமுக்குள் வரும் மத்தேயு 21ஐ வாசிக்கச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டாள்: "மாற்குவில் ஒரு குட்டிதான் வருகிறது. லூக்காவிலும் ஒன்றுதான். மத்தேயுவில் மட்டும் ஏன் கழுதையும் குட்டியுமாக இரண்டு?"

தேடிப் பார்த்தால் பல இடங்களில் ஒரே பதில்தான். சகரியா 9:9 கவிதையாம். "கழுதையின்மேலும் கழுதைக்குட்டியாகிய மறியின்மேலும்" என்பது ஒரே மிருகத்தை இரண்டு தடவை சொல்வதாம். மத்தேயுவுக்கு எபிரேயக் கவிதை தெரியாததால் இரண்டு மிருகமாக எழுதிவிட்டாராம்.

இது உண்மையா? உண்மையென்றால் கேள்வி இதோடு நிற்காது. மேசியாவைப் பற்றி, அதாவது வாக்களிக்கப்பட்ட ராஜாவாகிய கிறிஸ்துவைப் பற்றி, நாம் காட்டும் வசனங்களில் பெரும்பாலானவை கவிதைதான். சங்கீதம் 22:18ல் "என் வஸ்திரங்களைத் தங்களுக்குள்ளே பங்கிட்டு, என் உடையின்பேரில் சீட்டுப்போடுகிறார்கள்" என்று இருக்கிறது. யோவான் 19:23-24 அதையும் இரண்டாகப் பிரித்து, வஸ்திரம் நான்கு பங்கு, அங்கிக்குச் சீட்டு என்கிறது. பிள்ளைகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வசனத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள்.

தமிழ்த்தேனீ

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் சங்கீதங்களைக் கவிதைக்காகவே திரும்பத் திரும்ப வாசிப்பவன்.

கேள்வியின் அடித்தளம் சரிதான். எபிரேயக் கவிதையில் ஒரு வரி பெரும்பாலும் இரண்டு பாதியாக வரும். முதல் பாதி சொன்னதை இரண்டாவது பாதி வேறு சொற்களில் சொல்லும், அல்லது எதிர்நிலையில் வைக்கும், அல்லது தொடர்ந்து கொண்டுபோகும். ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்த ராபர்ட் லௌத் 1753ல் வெளியிட்ட லத்தீன் விரிவுரைகளில் இதை வகைபிரித்துக் காட்டினார். "சீயோன் குமாரத்தியே, மிகவும் களிகூரு, எருசலேம் குமாரத்தியே, கெம்பீரி" என்றால் இரண்டு குமாரத்திகள் இல்லை அல்லவா? கழுதைக்கும் அதே கணக்குதான்.

ஆனால் "ஒரே விஷயத்தை இரண்டு தடவை" என்று சொல்லி நிறுத்துவதும் போதாது. எங்கள் பக்கத்து ஒப்பாரியில் முதல் அடியில் சொன்னதை அடுத்த அடியில் ஒரு படி ஏற்றிச் சொல்வார்கள். கேட்கிறவருக்கு இரண்டாவது அடியில்தான் நெஞ்சு அடைக்கும். சங்கீதங்களிலும் இரண்டாவது பாதி சும்மா வருவதில்லை. ஜேம்ஸ் கூகல் என்ற அறிஞர் 1981ல் லௌத்தின் வகைப்பாட்டை மறுத்து எழுதியதும் இதைத்தான்: முதல் பாதி ஒன்றைச் சொல்கிறது, இரண்டாவது பாதி "அதுமட்டுமா, இதுவும்" என்று கூட்டுகிறது.

ஓய்வுபெற்ற ஆயர்

மகளே, பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம். இதற்கு எளிய பதில் உண்டு. மாற்கு 11:2ல் அந்தக் குட்டியின்மேல் அதுவரை ஒருவரும் ஏறியதில்லை என்று இருக்கிறது. பழகாத குட்டியைக் கூச்சலிடும் கூட்டத்தின் நடுவே நடத்திக்கொண்டு போக வேண்டுமென்றால் தாயைக் கூடவே கூட்டிக்கொண்டு போவார்கள். கிராமத்தில் கால்நடை வளர்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மத்தேயு தாயையும் சேர்த்துச் சொன்னார், மற்றவர்கள் ஆண்டவர் ஏறிய குட்டியை மட்டும் சொன்னார்கள். 21:7ல் "அவைகள்மேல்" உட்கார்ந்தார் என்று கிரேக்கத்தில் இருப்பது, சற்று முன்பு விரித்த வஸ்திரங்களைக் குறிக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மிருகத்தின்மேல் ஒரே நேரத்தில் யாரும் ஏறவில்லை.

மத்தேயு யூதர். சங்கீதங்களைச் சிறுவயது முதல் பாடி வளர்ந்தவர். அவருக்குக் கவிதை தெரியாது என்று 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரை வைத்துச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அகரம்

ஆயர் ஐயா கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நான் இறையியல் கல்லூரியில் எபிரேயம் படித்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யோவானைப் பாருங்கள். யோவான் 12:15ல் அதே சகரியா வசனம் வருகிறது. அங்கே அவர் இரண்டு பாதியையும் ஒன்றாக மடித்து, கழுதைக்குட்டியின்மேல் ஏறி வருகிறார் என்று ஒரே மிருகமாகத் தருகிறார். இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும். அதே யோவான்தான் 19ஆம் அதிகாரத்தில் சங்கீதம் 22:18ஐப் பிரித்து, வஸ்திரங்களை ஒரு பக்கமும் தையலில்லாத அங்கியை மறுபக்கமும் வைக்கிறார். ஒரே எழுத்தாளர் ஓரிடத்தில் சேர்க்கிறார், ஓரிடத்தில் பிரிக்கிறார். அப்படியானால் அறியாமை என்று சொல்ல முடியாது. தெரிந்தே செய்கிறார்.

அடுத்தது அப்போஸ்தலர் 4. பேதுருவும் யோவானும் விடுதலையாகி வந்ததும் சபையார் சங்கீதம் 2ஐ ஜெபிக்கிறார்கள். "ஜாதிகள் கொந்தளித்து, ஜனங்கள் விருதாக்காரியத்தைச் சிந்திப்பானேன்?" என்ற வரியில் ஜாதிகளும் ஜனங்களும் சங்கீதக்காரனுக்கு ஒரே கூட்டம்தான். ராஜாக்களும் அதிகாரிகளும் அப்படியே. ஆனால் 27ஆம் வசனத்தில் நான்கும் தனித்தனி ஆளாகின்றன: ஜாதிகள் புறஜாதியார், ஜனங்கள் இஸ்ரவேல் ஜனங்கள், ராஜா ஏரோது, அதிகாரி பொந்தியு பிலாத்து. இதில் வருகிற ஒரு விஷயம் என்னை எப்போதும் நிறுத்திவிடும். மூலச் சங்கீதத்தில் இஸ்ரவேலின் ராஜாவுக்கு எதிராக எழும்புகிறவர்கள் அந்நியர்கள். இங்கே இஸ்ரவேலும் அந்த எதிரணியில் நிற்கிறது. எருசலேமில் ஜெபித்துக்கொண்டிருந்த அந்த யூதர்கள் தங்கள் சொந்த ஜனத்தைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்கள். எவ்வளவு வலியோடு சொல்லியிருப்பார்கள்!

இப்படி ஒவ்வொரு பாதிக்கும் தனி அர்த்தம் கொடுப்பது கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்த வழியல்ல. சவக்கடல் கரையிலுள்ள கும்ரானில் 1947ல் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் ஆபகூக் புத்தகத்துக்கான விளக்கம் ஒன்று உண்டு. ஆபகூக் 2:17ல் லீபனோனுக்குச் செய்த கொடுமை என்று ஒரு பாதி, மிருகங்களைப் பாழாக்கியது என்று இன்னொரு பாதி. அந்த விளக்கக்காரர் "லீபனோன்" என்றால் தங்கள் சமூகத்தின் சபை, "மிருகங்கள்" என்றால் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ளும் யூதாவின் எளியவர்கள் என்று இரண்டாகப் பிரிக்கிறார். யூத வேத ஆசிரியர்களான ரபிமார்களின் விளக்கங்களிலும் இதே பழக்கம் நிறைய உண்டு. தேவனுடைய வார்த்தையில் ஒரு சொல்கூட வீணாகத் திரும்ப வராது என்பது அவர்களுடைய உறுதி. இரண்டு தடவை சொன்னால் இரண்டு காரியம் இருக்க வேண்டும். மத்தேயுவும் யோவானும் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்கள்.

சகரியாவின் இரண்டாவது பாதிக்கும் தனி எடை உண்டு. எபிரேயத்தில் அது "பெட்டைக் கழுதைகளின் மகன்" என்கிற மாதிரி வருகிறது. ஐபிராத் நதிக்கரையில், இன்றைய சிரியாவில் இருந்த மாரி நகரத்தின் களிமண் பலகைகளில் கிட்டத்தட்ட இதே தொடர் கிடைத்திருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் 18ஆம் நூற்றாண்டுக் கடிதம் அது. இரண்டு கூட்டத்தாருக்கு உடன்படிக்கை செய்துவைக்கப் போன அதிகாரி எழுதுகிறார்: அவர்கள் நாய்க்குட்டியையும் ஆட்டையும் கொண்டுவந்தார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை, பெட்டைக் கழுதையின் குட்டியைத்தான் வெட்டச் செய்தேன். அது கலப்பில்லாத உயர்ந்த சாதிக் குட்டி. ஆக, முதல் பாதியில் ராஜா தாழ்மையாக வருகிறார். இரண்டாவது பாதியில் அந்தத் தாழ்மையான மிருகம் ராஜாவுக்கே உரிய மிருகம் என்று தெரிகிறது. அடுத்த வசனத்தில் எப்பிராயீமிலிருந்து இரதங்களும் எருசலேமிலிருந்து குதிரைகளும் அற்றுப்போகின்றன. மத்தேயு இந்த வரியை நின்று நிதானித்து வாசித்தவர்.

மரியகொழுந்து

அகரம் தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடினமான பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். திருப்பாடல் 69:21ஐப் பாருங்கள் (நீங்கள் சங்கீதம் என்பதை நாங்கள் திருப்பாடல் என்போம்). பொதுமொழிபெயர்ப்பு என் கையில் இல்லை, பழைய மொழிபெயர்ப்பில் தருகிறேன்: "என் ஆகாரத்தில் கசப்புக் கலந்து கொடுத்தார்கள், என் தாகத்துக்குக் காடியைக் குடிக்கக்கொடுத்தார்கள்." மாற்கு நற்செய்தியில் சிலுவையில் அறையுமுன் கொடுத்தது வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசம். மத்தேயு 27:34ல் அது கசப்பு கலந்ததாக மாறுகிறது. பிறகு 27:48ல் காடி. திருப்பாடலின் இரண்டு பாதியும் இரண்டு நிகழ்ச்சியாக அமைந்துவிட்டன. இங்கே மத்தேயு நடந்ததைத் திருப்பாடலின் சொல்லால் எழுதுகிறார் என்பது தெளிவு.

எனக்கு இது நம்பிக்கையைக் குலைக்கும் விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் "முன்பே எழுதியிருந்தது, அப்படியே நடந்தது, ஆகவே நிரூபணம்" என்று கணக்கு மாதிரி சொல்லித்தரும்போது இதை மறைக்க வேண்டியிருக்கும். மறைத்துச் சொல்லித்தருவது எனக்கு உறுத்துகிறது. பிள்ளைகள் ஒருநாள் தாங்களே வாசித்துக் கண்டுபிடிப்பார்கள்.

ஓய்வுபெற்ற ஆயர்

அம்மா, போளமும் கசப்புதான். மத்தேயு பொய் எழுதவில்லை.

மரியகொழுந்து

பொய் என்று நான் சொல்லவில்லை ஐயா. நடந்ததைச் சொல்ல அவர் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் என்பதைத்தான் சொல்கிறேன். அந்தத் தேர்வில்தான் அவருடைய விசுவாசம் இருக்கிறது.

அகரம்

இதில் எல்லை எங்கே என்பதற்கு ஒரு பழைய உதாரணம் தருகிறேன். ஆதியாகமம் 49:11ல் யாக்கோபு யூதாவை ஆசீர்வதிக்கும் கவிதை. அவன் தன் கழுதைக்குட்டியைத் திராட்சச்செடியில் கட்டுவான் என்று வருகிறது. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன், சக்கரவர்த்திக்கு எழுதிய விண்ணப்பத்தில், இயேசு ஏறிவந்த குட்டி ஒரு கிராமத்தின் நுழைவாயிலில் திராட்சச்செடியில் கட்டப்பட்டிருந்தது என்று எழுதுகிறார். நான்கு சுவிசேஷங்களிலும் திராட்சச்செடி இல்லை. மாற்குவில் வாசலருகே தெருச்சந்தியில் கட்டியிருந்தது என்று மட்டும்தான் உண்டு. கவிதையே இங்கே சம்பவமாகிவிட்டது. அதே யுஸ்தீன், சங்கீதம் 96:10ல் "கர்த்தர் மரத்திலிருந்து ஆளுகை செய்கிறார்" என்று இருந்ததாகவும் "மரத்திலிருந்து" என்பதை யூதர்கள் நீக்கிவிட்டதாகவும் குற்றம் சாட்டினார். எந்த எபிரேயப் பிரதியிலும் அந்தச் சொல் இல்லை. அது கிறிஸ்தவர்கள் சேர்த்தது. அவர் நல்ல மனிதர், விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்தவர். ஆனாலும் நிரூபணம் வேண்டும் என்ற அவசரம் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

தமிழ்த்தேனீ

சங்கீதம் 22:16 "என் கைகளையும் என் கால்களையும் உருவக் குத்தினார்கள்" பற்றியும் இதே தகராறு உண்டு அல்லவா? யூதர்களின் பிரதியில் "சிங்கத்தைப்போல" என்றுதான் இருப்பதாக வாசித்திருக்கிறேன்.

அகரம்

ஆமாம். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் எல்லாச் சண்டையும் இந்த ஒரு சொல்லில்தான் நடக்கிறது, இழையும் அங்கேயே போய்விடும். பாரம்பரிய எபிரேயப் பிரதியில் "சிங்கத்தைப்போல என் கைகளும் கால்களும்". பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் "தோண்டினார்கள்". சவக்கடல் அருகே நாகல் ஹெவெரில் கிடைத்த 1ஆம் நூற்றாண்டுத் துண்டில் சொல்லின் கடைசி எழுத்து ஒரு கோடு நீண்டு, வினைச்சொல்லாகத் தெரிகிறது. யாரும் வேண்டுமென்றே திருத்தியிருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த இரண்டு எழுத்துக்கும் வித்தியாசம் அவ்வளவு சிறியது.

எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த வசனம் ஒரு தடவைகூட மேற்கோளாக வரவில்லை. 1ஆம் வசனம் இயேசுவின் வாயில் வருகிறது. 8ஆம் வசனம் மத்தேயு 27:43ல் எதிரிகளின் வாயில் வருகிறது. 18 நான்கு சுவிசேஷங்களிலும் எதிரொலிக்கிறது. 22 எபிரெயர் 2:12ல் உயிர்த்தெழுந்தவர் பேசுவதாக வருகிறது. ஆணிகளுக்கு நேராகப் பொருந்துவதாக நாம் நினைக்கிற 16ஐ மட்டும் அவர்கள் தொடவே இல்லை. அப்போஸ்தலர்கள் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கவில்லை. அந்தச் சங்கீதம் முழுவதுமே அவர்களுக்கு ஆண்டவரின் குரலாகக் கேட்டது.

நெய்தல்

இதுதான் எனக்கு இன்னும் தெளிவாக வேண்டும். சங்கீதம் 22ஐ எழுதியவர் தன் வேதனையைத்தானே பாடினார்? "நானோ ஒரு புழு, மனுஷனல்ல" என்பது யாரோ ஆயிரம் வருஷம் கழித்து வரப்போகிறவரைப் பற்றிய அறிவிப்பு மாதிரி இல்லை. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வது எப்படித் தீர்க்கதரிசனம் ஆகும்?

அகரம்

சபையில் இந்தக் கேள்வியைக் கேட்டு மாட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. கிலிக்கியாவில் மொப்சுவெஸ்தியா நகரத்தின் பேராயர் தெயோதோர். 428ல் இறந்தார். 2, 8, 45, 110 ஆகிய நான்கு சங்கீதங்கள் மட்டுமே நேரடியாகக் கிறிஸ்துவைப் பற்றிய முன்னறிவிப்பு என்றார். 22ஆம் சங்கீதம் அப்சலோமின் கலகத்தில் தாவீது பாடியது, சூழ்நிலை ஒத்துப்போனதால் ஆண்டவர் அதை எடுத்துக்கொண்டார் என்பது அவர் விளக்கம். இறந்து நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 553ல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அவரையும் அவர் எழுத்துகளையும் கண்டனம் செய்தது. முக்கியக் காரணம் கிறிஸ்துவின் இரு தன்மைகளைப் பற்றிய அவருடைய போதனைதான். ஆனால் இந்தச் சங்கீத விளக்கமும் அப்போது குற்றச்சாட்டுகளில் எடுத்துக்காட்டப்பட்டது.

ஆயிரம் வருஷம் கழித்து சபைச் சீர்திருத்தவாதி கால்வினும் முதலில் தாவீது, அப்புறம் கிறிஸ்து என்ற வரிசையிலேயே எழுதினார். அதற்காக 1593ல் லுத்தரன் இறையியலாளர் ஹுன்னியுஸ், கால்வின் யூதர்களைப்போல வாசிக்கிறார் என்று ஒரு புத்தகமே போட்டார். ஆக, நெய்தல் அக்கா, உங்கள் கேள்வி விசுவாசக் குறைவால் வந்ததல்ல. சபை தனக்குள்ளேயே நீண்ட காலம் போராடிய கேள்வி.

ஓய்வுபெற்ற ஆயர்

தெயோதோர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் சொல்கிறேன்.

அப்போஸ்தலர் 2ல் பேதுரு சங்கீதம் 16ஐ எடுக்கிறார். உம்முடைய பரிசுத்தர் அழிவைக் காணவொட்டீர் என்று தாவீது பாடினான். பேதுருவின் வாதம் நேரடியானது: தாவீது மரித்தான், அடக்கம்பண்ணப்பட்டான், அவன் கல்லறை இந்நாள்வரைக்கும் நம்மிடத்தில் இருக்கிறது. வரி தாவீதுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை, ஆகையால் அவன் தன்னைவிடப் பெரிய ஒருவரைப் பேசுகிறான். கவிதை தன்னைப் பாடியவனின் வாழ்க்கையைவிடப் பெரிதாக இருக்கிறது. 22ஐயும் அப்படி வாசித்துப் பாருங்கள். ஒரு மனிதனின் வியாதியோ சத்துருவோ தீர்ந்ததற்காக பூமியின் எல்லைகளெல்லாம் கர்த்தரிடத்தில் திரும்புமா? இன்னும் பிறக்காத ஜனத்துக்கு அவருடைய நீதியை அறிவிப்பார்களா? 27 முதல் 31 வரை அதுதான் இருக்கிறது. தாவீது தப்பியதற்கு இந்தத் துதி மிகையானது. ஆண்டவர் உயிர்த்தெழுந்ததற்கு இதுவும் போதாது.

நான் இதை மரணப் படுக்கைகளின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற முதல் வசனத்தைச் சொல்ல முடியாமல் பயந்தவர்கள், இயேசு இதைச் சொன்னார் என்று தெரிந்தபின் துணிந்து சொன்னார்கள். அது வெறும் ஒப்புமையாக இருந்திருந்தால் அவர்களைத் தாங்கியிருக்காது.

மரியகொழுந்து

ஐயா சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் ஒரு கேள்வி. 69ஆம் திருப்பாடலைப் புதிய ஏற்பாடு பல இடங்களில் கிறிஸ்துவுக்குப் பயன்படுத்துகிறது. யோவான் 2:17ல் பக்திவைராக்கியம், உரோமையர் 15:3ல் நிந்தை, சற்று முன் பார்த்த காடி. அதே பாடலின் 5ஆம் வசனம் "என் குற்றங்கள் உமக்கு மறைந்திருக்கவில்லை" என்கிறது. பாவமில்லாதவர் இதை எப்படிச் சொல்வார்? அதன் 22 முதல் 28ஆம் வசனம் வரை சாபம். "தந்தையே, இவர்களை மன்னியும்" என்றவரின் வாயில் அதை எப்படி வைப்பது? பேசுகிறவர் மேசியாதான் என்றால் பாடல் முழுவதும் அவர்தானே பேச வேண்டும்? நமக்கு ஏற்ற வரியை மட்டும் எடுத்துக்கொள்வது சரியாகாது.

புனித அகுஸ்தீன் இதை நேராக எதிர்கொண்டார். திருப்பாடல்களில் கிறிஸ்து தனியாகப் பேசவில்லை, தலையும் உடலும் சேர்ந்து ஒரே குரலில் பேசுகின்றன என்றார். அதற்கு அவர் திரும்பத் திரும்பக் காட்டும் ஆதாரம் தமஸ்கு வழியில் கேட்ட குரல்: "சவுலே, சவுலே, ஏன் என்னைத் துன்புறுத்துகிறாய்?" சவுல் அடித்தது சீடர்களை, வலித்தது கிறிஸ்துவுக்கு. அப்படியே, குற்றம் நம்முடையது, அதை அறிக்கையிடும் குரல் அவருடையது. நீண்ட நாள் எனக்கு இது வலிந்து சொன்ன விளக்கமாகவே பட்டது. அம்மா இறந்த வருடம் 69ஐ ஒவ்வொரு நாளும் செபித்தபோதுதான் அதன் உள்ளே போக முடிந்தது. தண்ணீர் கழுத்துமட்டும் வந்தவர் யார் என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் அப்போது இல்லை.

தமிழ்த்தேனீ

வெளியே நிற்பவனாக ஒன்று கேட்கிறேன், யாரும் வருந்த வேண்டாம். இந்தப் பாடல்கள் யூதர்களுடையவை. அவர்கள் இன்றும் இவற்றைச் செபிக்கிறார்கள். "இது எங்கள் இயேசுவைப் பற்றியது" என்று சொல்லும்போது, எழுதி, காத்து, கையில் கொடுத்தவர்களிடமிருந்து பிடுங்குவதாக ஆகாதா? 22ல் வரும் "நாய்கள்" யூதர்கள்தான் என்று சொன்ன பழைய பிரசங்கங்கள் இருந்தன. புனித வெள்ளி நாட்களில் ஐரோப்பாவில் அவர்கள் கதவை அடைத்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது.

அகரம்

கேட்க வேண்டிய கேள்வி. இதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பொருளைப் பேசவே கூடாது.

யூதர்கள் இந்தக் கவிதைகளில் மேசியாவைக் காணவில்லை என்பது சரியல்ல. சகரியா 9:9ஐ ரபிமார்களின் போதனைத் தொகுப்பான தல்மூத்தும் மேசியாவுக்கே சொல்கிறது. அதன் சன்ஹெத்ரின் 98அ பகுதியில் ரபி யோசுவா பென் லேவி கேட்கிறார்: தானியேல் 7ல் அவர் வானத்து மேகங்களோடு வருகிறார், சகரியாவில் கழுதையின்மேல் வருகிறாரே? அவர் தரும் பதில்: இஸ்ரவேல் தகுதியாக இருந்தால் மேகங்களோடு, தகுதியாக இல்லாவிட்டால் தாழ்மையாகக் கழுதையின்மேல். பெசிக்தா ரப்பாத்தி என்ற தொகுப்பில் எப்பிராயீம் என்னும் மேசியா ஜனத்தின் பாவங்களுக்காகப் பாடுபடுகிறார், அங்கே எடுத்தாளப்படுவது நம் 22ஆம் சங்கீதம்தான். அதே 22ஐ, பெர்சிய ராஜாவின் மனைவியாக இருந்த யூதப் பெண் எஸ்தரோடும் சேர்த்தார்கள். ராஜாவின் அறைக்குப் போகும் வழியில் விக்கிரகங்கள் இருந்த மண்டபத்தை அடைந்ததும் தேவப்பிரசன்னம் தன்னை விட்டு நீங்கியதை உணர்ந்து, எஸ்தர் "என் தேவனே, என் தேவனே" என்று கதறினாள் என்கிறது தல்மூத்தின் மெகில்லா 15ஆ பகுதி. சங்கீதத்தின் தலைப்பில் வரும் "விடியற்காலப் பெண்மான்" அவள்தான் என்றார்கள். தன் ஜனம் அழியாதபடி தனியாக மரணத்தை எதிர்கொண்டு போன ஒரு பெண்ணின் வாயில் இந்த வரியை வைத்த வாசகர்கள் அவர்கள்.

11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத வேத விளக்கக்காரர் ராஷி, சங்கீதம் 2ஐப் பற்றி எழுதியது எனக்கு மறக்காது. நம் ஆசிரியர்கள் இதை மேசியா ராஜாவுக்குச் சொன்னார்கள், ஆனால் நேர்பொருளின்படியும், மாற்று மதத்தாருக்குப் பதில் சொல்லவும், தாவீதைப் பற்றியது என்று கொள்வதே நல்லது என்கிறார். நம்முடைய அழுத்தம் தாங்காமல் ஒரு யூத அறிஞர் தன் முன்னோர்களின் வாசிப்பிலிருந்தே விலகி நிற்க வேண்டியதாயிற்று. 1096ல் சிலுவைப்போர்க் கூட்டம் ரைன் நதிக்கரை யூதர்களைக் கொன்றது அவர் வாழ்நாளில்தான். அவர் இளமையில் படித்த வோர்ம்ஸும் மைன்ஸும் அந்த நகரங்களில் அடங்கும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹாஃபர் சங்கீதங்களை ஜெபிக்கிறவர் கிறிஸ்துவே என்று உறுதியாக நம்பியவர், 1940ல் நாசி ஆட்சியின் நடுவில் அதை அச்சிலும் போட்டார். அவருடைய சொந்த வேதாகமத்தில் 74ஆம் சங்கீதத்தின் ஓரத்தில், தேசத்திலுள்ள ஆலயங்களையெல்லாம் சுட்டெரித்துப்போட்டார்கள் என்ற 8ஆம் வசனத்தின் அருகே, 9.11.38 என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். ஜெர்மனி முழுவதும் யூத ஜெப ஆலயங்கள் எரிந்த இரவு அது. கிறிஸ்துவின் குரல் சங்கீதத்தில் கேட்கிறது என்று நம்பியவருக்கு, யூதர்களின் கதறலும் அதே பக்கத்தில் கேட்டது. கிறிஸ்தவ வாசிப்பு எங்கே போய் நிற்க வேண்டும் என்று கேட்டால் நான் அந்தப் பென்சில் குறிப்பைக் காட்டுவேன்.

ஓய்வுபெற்ற ஆயர்

ஆமென். பிரசங்கிகள் எல்லாரும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெய்தல்

எல்லாருக்கும் மிக்க நன்றி. அந்தப் பிள்ளையிடம் இப்படிச் சொல்லலாம் என்று இருக்கிறேன்: சகரியாவின் வரியில் மிருகம் ஒன்றுதான். மத்தேயு அதைத் தெரிந்தும், வரியின் இரண்டு பாதியையும் கையில் எடுத்துக்கொண்டு, வழியில் வந்த தாயையும் குட்டியையும் பார்க்கிறார். மாற்கு குட்டியை மட்டும் பார்க்கிறார். அப்புறம் சங்கீதம் 22ஐ முதல் வசனத்திலிருந்து 31 வரை நிறுத்தாமல் வகுப்பில் வாசிக்கப்போகிறேன். இதுவரை 1, 16, 18 என்று பொறுக்கித்தான் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறோம். ஒரு சந்தேகம்: புழு, பாசானின் எருதுகள், நாய்கள், சிங்கம் எல்லாம் பிள்ளைகளுக்குக் கனமாக இருக்குமா?

மரியகொழுந்து

இருக்காது. பிள்ளைகளுக்கு மிருகங்கள் நன்றாகவே புரியும். வரிசையைக் கவனிக்கச் சொல்லுங்கள்: பாடுகளில் முதலில் எருது, பிறகு சிங்கம், பிறகு நாய். 20, 21ல் விடுதலை கேட்கும்போது நாய், சிங்கம், காட்டெருது என்று தலைகீழாகத் திரும்பி வரும். வந்த வழியிலேயே ஒவ்வொன்றாக விலகுகின்றன. அதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த வசனத்தில் துதி ஏன் திடீரென்று தொடங்குகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எங்கள் கத்தோலிக்க வழிபாட்டில் குருத்து ஞாயிறுக்குப் பதிலுரைப் பாடல் இந்த 22தான். கேலி, நாய்கள், உடை, அப்புறம் நேராக "உமது பெயரை என் சகோதரருக்கு அறிவிப்பேன்" என்ற பகுதிக்குப் போய்விடும். எருதும் சிங்கமும் அதில் விடுபட்டுவிடும். உங்கள் வகுப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை, முழுதும் வாசியுங்கள். வாசித்த பிறகு அந்தப் பிள்ளை வேறு என்ன கேட்டாள் என்று இங்கே எழுதுங்கள்.